எந்தக் கோவிலுக்கு ரசம்?

ஆக்னஸ் அக்கா சாயங்காலம் வேலை முடிந்ததும் முதலில் உப்புத் தண்ணீரால் வாய் கொப்பளிப்பார். பிறகு முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்ப்பார். பாட்டில் அறைக்குப் பின்னால் போய், காலையில் கட்டி வந்த புடவைக்கு மாறி, வேலைப் புடவையை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் பஸ் ஏறுவார். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் வழக்கம். திராட்சை ரசம் செய்கிற இடத்தில் வேலை, ஆனால் அந்த வாசனையோடு ஒரு நாள்கூட வீட்டுப் படி ஏறியதில்லை.

நானும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். ஹைதராபாத்தில் நாகாரம் தாண்டி கீசரா போகும் சாலையில் இடது பக்கம் ஒரு மண்பாதை பிரியும். அதன் முடிவில் 'மரியசூசை அண்ட் சன்ஸ்' என்று ஒரு பழைய இரும்புப் பலகை. திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்த மரியசூசை என்பவர், செகந்திராபாத் பட்டாளத்துக் கோவில்களுக்குப் பூசை ரசம் செய்து தருவதாகச் சொல்லி, நூற்றுப் பத்து வருஷத்துக்கு முன்னால் இங்கே கொடி நட்டார். கப்பலில் வந்த ரசம் வந்து சேர்வதற்குள் புளித்துக் காடியாகிவிட, சாமியார்கள் தவித்துப்போயிருந்த காலம். அன்று பிடித்த வாடிக்கை இன்றுவரை விடவில்லை. இப்போது நிர்வாகம் நான்காம் தலைமுறை இன்னாசிமுத்து சாருடையது. நாற்பது ஏக்கர் பதினோரு ஏக்கராகச் சுருங்கிவிட்டது. மூன்று பக்கமும் அடுக்குமாடி எழும்பிவிட்டது. 'தோட்டம் பார்த்த வீடு' என்று எங்கள் பந்தலைக் காட்டியே எல்லாவற்றையும் விற்ற பில்டர், எங்களுக்கு ஒரு வணக்கம்கூடச் சொன்னதில்லை.

கொடியை வெட்டிவிடும் கவாத்து ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. பிப்ரவரி, மார்ச்சில் பந்தலுக்குக் கீழே கருநீலக் குலைகள் தலையில் இடிக்கும். குனிந்து நடந்து நடந்தே எங்கள் ஆட்களுக்கு முதுகு ஒரு தினுசாக வளைந்துபோயிருக்கும். ஆக்னஸ் அக்காவும் குலை வெட்டுகிறவராகத்தான் இங்கே வந்தார். ஒரு நாள் பெரிய பீப்பாயைத் திறந்தபோது தூரத்தில் நின்றுகொண்டே, "இது திரும்பிடுச்சு சார்" என்றாராம். இன்னாசி சார் ருசி பார்த்தார். காடி ஏற ஆரம்பித்திருந்தது. மறுநாள் முதல் அக்கா பாட்டில் அறைக்கு மாறினார். ஒவ்வொரு பீப்பாயிலும் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்து, கண்ணை மூடி, பிறகு மணல் போட்ட வாளியில் துப்புவார். ஒரு சொட்டு தொண்டைக்குள் போனதில்லை. "முழுங்கறதுக்கா சம்பளம் குடுக்கிறாங்கோ? துப்பறதுக்குத்தான்ப்பா" என்பார்.

இங்கே ஒரு சொல்லை விளக்கியாக வேண்டும். நடந்த எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்தான் காரணம்.

நாங்கள் இரண்டு சரக்கு செய்கிறோம். திராட்சையைப் பிழிந்து, சர்க்கரையோ தண்ணீரோ எதுவும் சேர்க்காமல், தானே பொங்கி அடங்க விட்டுப் பல மாதம் வைத்தெடுப்பது ஒன்று. அது மது. கத்தோலிக்கக் கோவில்களின் பூசைக்கு அதுதான் போகும். பிழிந்த உடனே சூடாக்கி, பொங்க விடாமல் அடைப்பது இன்னொன்று. அது வெறும் சாறு. மதுவே கூடாது என்கிற சில சபைகளின் திருவிருந்துக்கு அது போகும். ஆனால் இரண்டு தரப்பாரும் தங்களுடையதைத் 'திராட்சை ரசம்' என்றுதான் சொல்வார்கள். வேதத்தில் இருக்கிற சொல் அது. யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பாட்டில் லேபிளிலும் இரண்டுக்கும் பெரிய எழுத்தில் ரசம்; வித்தியாசம் கீழே பொடி எழுத்தில். எங்கள் ஆட்கள் மட்டும் தங்களுக்குள் மதுவை 'ரசம்' என்றும் மற்றதைச் 'சாறு' என்றும் சொல்லிக்கொள்வார்கள். ரசப் பாட்டிலின் கழுத்தில் சிவப்பு நூல், சாற்றுப் பாட்டிலில் வெள்ளை நூல்.

யார் போன் செய்து ரசம் வேண்டும் என்றாலும் ஆக்னஸ் அக்கா கேட்பது ஒரே கேள்விதான்: "எந்தக் கோவிலுக்கு?" பதிலைக் கேட்டதும் கை தானாகச் சிவப்புக்கோ வெள்ளைக்கோ போகும்.

பிறகு நான் வந்து சேர்ந்தேன். பெயர் வெங்கட், ஊர் கும்பகோணம். பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியில் ஆறு வருஷம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன். மாத்திரை ஒன்று உருண்டு மேசைக்கடியில் போனாலும் அதற்கு ஒரு படிவம் நிரப்புகிற உலகம் அது. ஷிப்ட் ஒத்துவராமல் இங்கே வந்தபோது, நூறு வருஷத்துக் கம்பெனி ஒரு அம்மாவின் ஞாபகசக்தியில் ஓடுவதைப் பார்த்து எனக்குத் தாங்கவில்லை. சீட்டு முறை கொண்டுவந்தேன். போனில் சொன்னதை அப்படியே எழுதவேண்டும், எழுதியதை அப்படியே அனுப்பவேண்டும். அக்கா சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "கைக்குப்பா இதெல்லாம்? கேட்டாப் போச்சு" என்றார். ஹைதராபாத்தில் 'கைக்கு' என்றால் 'எதுக்கு'. நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அதற்கு முன்னால் இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். குளிர் அறைக் கதவின் உள்பக்கம் தினமும் காலையில் சாக்பீஸால் ஒரு எண் எழுதியிருக்கும். முந்நூற்று எட்டு, மறுநாள் முந்நூற்று ஒன்பது. தொகுதி எண் என்று நினைத்து ஒரு வாரம் நோட்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் அக்காவிடம் கேட்டேன்.

"அது சரக்கு நம்பர் இல்லப்பா. எங்க வூட்டுக்காரரு நம்பர்" என்றார்.

அக்காவின் கணவர் பூபாலன். லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அவருடைய தாத்தா காலத்திலேயே ஜோலார்பேட்டையிலிருந்து வந்து ரயில்வேயில் ஒட்டிக்கொண்ட குடும்பம். இருபது வருஷக் குடி. ஒருமுறை எட்டு மாதம் விட்டிருந்தார். அந்த கிறிஸ்துமஸுக்குக் காலனியில் யாரோ நீட்டிய பிளம் கேக்கை ஒரு துண்டு வாயில் போட்டார். ரம்மில் ஊறிய கேக். அன்று சாயங்காலமே வெளியே போனவர், பதினோரு வாரம் தெளியவில்லை. அதற்கு இரண்டு வருஷம் கழித்து இன்னொரு கிறிஸ்துமஸை ஆஸ்பத்திரியில் கழித்தார். கல்லீரல் படத்தைக் காட்டி டாக்டர் சொன்னது அக்காவுக்கு மனப்பாடம்: இந்தத் தடவை பிழைத்துவிட்டார், மறுபடி ஆரம்பித்தால் என்னிடம் கூட்டிவராதீர்கள்.

அன்றிலிருந்துதான் கதவில் எண், அவர் குடிக்காத நாள்களின் கணக்கு. அக்கா பிறந்தது கத்தோலிக்கக் குடும்பத்தில். கல்யாணத்துக்குப் பிறகும் இருபத்தைந்து வருஷம் தன் கோவிலுக்கே போய்க்கொண்டிருந்தவர், அதற்கப்புறம் புருஷனுடைய சபைக்கு மாறிவிட்டார். மௌலா அலியில் ரயில்வே குடியிருப்பை ஒட்டிய சின்னத் தமிழ் ஆலயம். அங்கே கிண்ணத்தில் வெறும் சாறு. "அவரு பக்கத்துல நான் ஒக்காந்திருக்கணும்ப்பா. சாமி ரெண்டு எடத்துலயும் ஒண்ணுதானே" என்றார் அக்கா. அவர் அழுது நான் பார்த்ததில்லை. அதைச் சொன்னபோது மட்டும் பாட்டிலைத் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் பூபாலன் அண்ணன் திருவிருந்துப் பக்கமே போகவில்லை. அந்தச் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தைக் கையில் எடுத்தால் பழைய ஞாபகம் வந்துவிடுமோ என்று பயம். மற்றவர்கள் எழுந்து போகும்போது இவர் மட்டும் பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். பதினான்கு மாதம் அப்படி. பாஸ்டர் சிவஞானம் பேசிப் பேசி, "இது சாறுதான் பூபாலன். உங்க வீட்டம்மா கையால அடைச்சது. இதைவிட என்ன காவல் வேணும்?" என்று கேட்ட பிறகுதான், மார்ச் முதல் ஞாயிறு வருகிறேன் என்று ஒப்புக்கொண்டார்.

அந்தச் சபையில் திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை ஆயத்த ஆராதனை உண்டு. அதற்கு அவரோடு போவதற்காக அக்கா அரைநாள் லீவு கேட்டார். பழம் இறங்குகிற உச்ச நேரம். இருபத்திரண்டு வருஷத்தில் மார்ச் மாதத்தில் அவர் லீவு கேட்டது அதுதான் முதல் தடவை. கிளம்பும்போது என் மேசைக்கு வந்தார்.

"வெங்கட், மௌலா அலிக்கு அனுப்புறது…"

"எல்லாம் சீட்டுல இருக்குக்கா. நான் பாத்துக்கறேன். நீங்க நிம்மதியாக் கெளம்புங்கோ."

"இல்லப்பா, அது வந்து…"

"அக்கா, பஸ் போயிடும்."

அக்கா சிரித்துக்கொண்டே போனார். நான் சீட்டை எடுத்தேன். வியாழக்கிழமை போன் வந்தபோது நானே எழுதியது: 'மௌலா அலி. திருவிருந்து. ரசம் 4.' போனில் சொன்னதை அப்படியே எழுதியிருந்தேன். ரசம் என்றால் சிவப்பு நூல். நான்கு பாட்டில் எடுத்துப் பெட்டியில் வைத்து, கையெழுத்தும் போட்டு வண்டியில் ஏற்றினேன்.

மறுநாள் ஞாயிறு. பழம் காத்திருக்காது என்பதால் நானும் வந்திருந்தேன். எட்டரை மணிக்குக் குளிர் அறையில் இடம் ஒதுக்கப் போனேன். கதவில் நானூற்று முப்பத்தொன்று என்று அக்காவின் சனிக்கிழமை எழுத்து. கீழ்த்தட்டைக் காலி செய்யக் குனிந்தேன். அங்கே நான்கு பாட்டில்கள் தனியாக, ஒரு வெள்ளைத் துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தன. துணியை விலக்கினேன். நான்கிலும் வெள்ளை நூல். மற்ற பாட்டில்களில் ஒரு சுற்றுதான் இருக்கும். இவற்றில் மூன்று மூன்று சுற்று சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது.

இவைதான் மௌலா அலிக்குப் போகவேண்டியவை. நான் அனுப்பியது சிவப்பு நூல்.

ஆராதனை எட்டு மணிக்கு. திருவிருந்து ஒன்பதரை வாக்கில் என்று அக்கா பலமுறை சொல்லியிருக்கிறார். அக்காவின் நம்பருக்கு அடித்தேன். ஒரே இரைச்சலுக்கு நடுவில் ஒரு பெண்குரல், "ஹலோ, எவரண்டி?" என்று தெலுங்கில் கேட்டது. அக்காவின் மகள் ஜெஸ்ஸி.

"ஜெஸ்ஸி, நான் வெங்கட் பேசறேன். அம்மா எங்கே?"

"மம்மி சர்ச்கி வெள்ளிப்போயிந்தி அங்கிள். நா போன் டிஸ்ப்ளே போயிந்தி, அந்துகே மம்மி போன் தெச்சுகுன்னா. நான் அமீர்பேட் மெட்ரோல இருக்கேன், கோச்சிங்ல டெஸ்ட் ஹை. என்னாச்சு அங்கிள்?"

"உன் போன் கெட்டுப்போய் அம்மா போனை நீ எடுத்துண்டு வந்துட்டியா! ஒண்ணுமில்லம்மா. அப்பா போன்?"

"டாடி ஆதிவாரம் சர்ச்சுக்குப் போனா போன் எடுக்க மாட்டாரு."

பாஸ்டர் நம்பர் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வேறு யாருடைய நம்பரும் என்னிடம் இல்லை. எத்தனை படிவம் வைத்திருந்தேன்! ஆலயத்தில் ஓர் ஆளின் போன் நம்பருக்கு அதில் கட்டம் இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சில நிமிஷம் நான் அங்கேயே நின்றேன். இரண்டு ஸ்பூன் அளவுக் கிண்ணம். அவர் கவனிக்காமல் விழுங்கிவிடக்கூடும். ஒன்றும் ஆகாமல்கூடப் போகலாம். யாருக்கும் தெரியாமலே போய்விடலாம் என்றெல்லாம் மனசு கணக்குப் போட்டது. நூற்றுப் பத்து வருஷத்தில் எந்தக் கோவிலுக்கும் பாட்டில் மாறிப் போனதில்லை என்று இன்னாசி சார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வது காதில் கேட்டது. பிறகு அந்த ரம் கேக் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு துண்டு கேக், பதினோரு வாரம்.

வண்டியெல்லாம் பழக்கூடை ஏற்றப் போயிருந்தது. என் பைக்தான் கதி. நான்கு பாட்டிலையும் அந்தத் துணியிலேயே சுற்றி முதுகுப் பையில் போட்டுக்கொண்டு பந்தலுக்குக் குறுக்கே ஓடினேன். குலை ஒன்று நெற்றியில் மோதி நசுங்கியது. கேட்டில் இன்னாசி சார் கார் நுழைந்துகொண்டிருந்தது. கண்ணாடியை இறக்கினார். நான் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். அறுபது வயசுக்காரரின் முகம் ஒரு நொடியில் வெளுத்துவிட்டது.

"முதல்ல நீ போ" என்றார். "திட்டறதை நான் வந்து திட்டறேன். போ!"

மணி எட்டு ஐம்பது. நாகாரம் வரை சாலை காலி. பாட்டில்கள் முதுகில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன. ஒவ்வொரு இடிக்கும் என் உயிர் போய் வந்தது. ஈசிஐஎல் சந்திப்பில் ஒரு தண்ணீர் லாரி அச்சு முறிந்து குறுக்கே நின்றது. பஸ், ஆட்டோ, ஸ்கூட்டர் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத குறை. ஹாரன் அடித்தேன், கெஞ்சினேன், ஒரு பழக்கடைத் தள்ளுவண்டியை நானே தள்ளி வழி செய்தேன். கடைக்காரர் என் வம்சத்தையே விசாரித்தார். பதினேழு நிமிஷம் அங்கே போய்விட்டது. கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்க்க முடியாமல் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

மௌலா அலி ஸ்டேஷன் பக்கம் வந்து சேர்ந்தபோது எனக்கு ஆலயம் இருக்கும் தெரு தெரியவில்லை. ஓர் ஆட்டோக்காரரிடம் கத்தினேன்.

"பாய், தமிழ் சர்ச் கிதர் ஹை?"

அவர் நிதானமாக என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கௌன்சா சர்ச்? யஹாம் தீன் சர்ச் ஹை."

எந்தக் கோவில்? இங்கே மூன்று இருக்கிறதாம். அக்கா ஆயிரம் தடவை கேட்ட கேள்வி. வந்த நாளிலிருந்து அதை நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நடுத்தெருவில் அந்த மனிதரிடம் அது எனக்கே திரும்பி வந்தது. பாஸ்டர் பெயரைச் சொன்னேன். "ஹவ், சிவஞானம் பாஸ்டர்! தண்ணி டாங்கி பாஜூமே" என்று டாங்கிக்குப் பக்கத்தைக் கைகாட்டினார்.

சின்ன வெள்ளைக் கட்டடம். வாசலில் செருப்புகள். உள்ளே ஆர்கன் சத்தம், மெதுவான பாட்டு. செருப்பை உதறிவிட்டுப் பக்கவாசல் வழியாக நுழைந்தேன். வலது பக்கம் ஆண்கள், இடது பக்கம் பெண்கள். சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்பது முப்பத்தெட்டு. திருவிருந்து ஆரம்பமாகிவிட்டிருந்தது. முதல் வரிசை ஆண்கள் குடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் நாக்கால் உதட்டைத் துழாவியபடி, ஏதோ கேட்க நினைத்து யாரிடம் கேட்பதென்று தெரியாதவர் மாதிரி வந்தார்.

அக்கா மூன்றாவது பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். வெளிர்நீலப் பட்டுப்புடவை, தலையில் முக்காடு. பலிபீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். குனிந்து காதோரம் போனேன்.

"அக்கா. சிவப்பு நூல் வந்துடுத்து. நான்தான் மாத்தி அனுப்பிட்டேன்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சை ஒரு தடவை உள்ளே இழுத்தார். ஆலயத்தில் சாம்பிராணி கிடையாது. மெழுகுவத்தியும் மல்லிகைப் பூவும்தான். இவ்வளவு நேரம் சந்தோஷத்தில் மூக்கை மறந்திருந்தவர், இப்போது அதைத் தேடிப் பிடித்துவிட்டார்.

பலிபீடத்துக்கு முன்னால் அரைவட்டமான மரக் கிராதி. அங்கே இரண்டாம் வரிசை ஆண்கள் முழங்காலில் இருந்தார்கள். நான்காவது ஆள் பூபாலன் அண்ணன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டிய நரைமுடி. பாஸ்டர் தட்டோடு அவரைத் தாண்டிப் போய்விட்டிருந்தார். கிண்ணம் அவர் கையில் இருந்தது.

அக்கா எழுந்தார். பெண்கள் வரிசை வர இன்னும் நேரமிருந்தது. ஆண்கள் மண்டியிட்டிருக்கும்போது ஒரு பெண் முன்னால் போவது அங்கே யாரும் பார்த்திராத காரியம். பின்னாலிருந்து ஒரு அம்மாள், "ஆக்னஸ், இப்ப இல்ல" என்று முந்தானையைப் பிடித்தார். அக்கா முந்தானையை விடுவித்துக்கொண்டு நடந்தார். ஓடவில்லை. ஓடினால் அவர் திடுக்கிட்டு விழுங்கிவிடுவாரோ என்று பயந்ததாகப் பிறகு சொன்னார். பதினைந்து அடி தூரம்தான் இருக்கும். வாழ்க்கையில் நான் பார்த்த மிக நீளமான நடை அது.

பக்கத்தில் இருந்தவர்கள் குடித்து முடித்துக் கிண்ணத்தைக் கிராதியில் வைத்துவிட்டார்கள். பூபாலன் அண்ணன் மட்டும் கிண்ணத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி இருந்தார். அக்கா அவரை ஒட்டி மண்டியிட்டார். நான் கிராதியின் ஓரம் வரை போய்விட்டதால் பேசியது கேட்டது.

"ஆக்னஸ்" என்றார், திரும்பாமலே. "வாசனை வருது."

"ஹவ், ஆமா."

"நான் குடிக்கல."

"தெரியுது. குடு."

கிண்ணம் விளிம்பு வரை இருந்தது. அவர் விரல்களை அக்கா ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தார். ஒரு சொட்டு அவர் விரல்மேல் சிந்தியது. அக்கா கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஒரு நொடி அதைப் பார்த்தார். செபித்துக் கொடுத்ததைத் தரையில் கொட்டுகிற வளர்ப்பு அவருக்கில்லை. மணல் வாளியும் அங்கே இல்லை. அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொண்டார். தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்தேன்.

பாஸ்டர் அதற்குள் திரும்பி வந்துவிட்டார். என் முகத்தையும் நான் பையிலிருந்து எடுத்துக் காட்டிய வெள்ளை நூல் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல மனிதர். ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆர்கன்காரரிடம் இன்னொரு பாட்டு வாசிக்கச் சொல்லிவிட்டு, கிண்ணங்களைக் கழுவி மறுபடி நிரப்பச் செய்தார். பூபாலன் அண்ணனிடம் குனிந்து, "கொஞ்சம் இருங்க பூபாலன். உங்களுக்குத்தான் முதல்ல" என்றார். புதுக் கிண்ணம் வந்தது. அண்ணன் அதை மோந்து பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அக்கா தலையசைத்த பிறகு குடித்தார். அவர் கன்னத்தில் வழிந்த கண்ணீரை அவர் துடைக்கவில்லை. எனக்கும் கண் நிறைந்துவிட்டது. கும்பகோணத்து வெங்கடேசன் அந்த ஆலயத்தின் மூலையில் நின்று எந்தச் சாமியிடம் நன்றி சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அண்ணன் குழாயடியில் வலது கை விரல்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். நான் போய் எதிரே நின்றேன்.

"நீதான் வெங்கட்டா?" என்றார். "அந்தச் சீட்டு எழுதுறவன்?"

"ஆமாண்ணா. என்னை மன்னிச்சுடுங்கோ. ஒரு வார்த்தை கேட்டிருந்தா…"

"வுடுப்பா. கிண்ணம் கைக்கு வரதுக்கு முந்தியே தெரிஞ்சிடுச்சு. இருபது வருஷப் படிப்பு, வேஸ்ட்டாப் பூடுமா?" சிரித்தார். ஆனால் விரல்களைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "கீழ வெச்சா எல்லாரும் பாப்பாங்கன்னு கூச்சம். மேல கொண்டுபோவ பயம். அதுவா வாய்க்குப் போறாப்ல இருந்துச்சு தெரியுமா? யாராச்சும் வந்து வாங்கிக்கணும்னு வேண்டிக்கினே இருந்தேன். அவ வருவான்னு நெனைக்கல."

அக்கா படியிறங்கி வந்தார். நான் தலையைத் தொங்கப் போட்டேன். அவர் என் நெற்றியில் ஒட்டியிருந்த திராட்சைத் தோலை எடுத்து எறிந்தார்.

"திட்டுங்கக்கா" என்றேன்.

"திட்டறேன், நாளைக்கு. இன்னைக்கு வாயில இருக்கிறது வேற" என்றார். "இருபத்திரெண்டு வருஷம் துப்பினேன்ப்பா. இன்னைக்குத் துப்ப முடியலயே."

சொல்லிக்கொண்டே கணவரின் ஈரக் கையைப் பிடிக்கப் போனார். அண்ணன் சட்டென்று இரண்டடி பின்வாங்கினார்.

"நக்கோ ஆக்னஸ். கிட்ட வராத. வாசனை."

அக்கா அப்படியே நின்றார். நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நாலடி தள்ளிப் போய் நின்றார்.

"இன்னைக்கு எத்தினி?" என்று கேட்டார் அண்ணன்.

"நானூத்தி முப்பத்திரெண்டு" என்றார் அக்கா முந்தானைக்குள்ளிருந்து.

"அது என்து. உன்து இன்னைக்குச் சைபர்."

அக்கா சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது அழுகையாகிவிட்டது. பதினான்கு மாதத்து அழுகை என்று நினைக்கிறேன், சீக்கிரம் நிற்கவில்லை. அண்ணன் கிட்டே போகவும் முடியாமல் விலகவும் முடியாமல் குழாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

பிறகு இரண்டு பேரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். அண்ணன் முன்னால், அக்கா பத்தடி பின்னால், முந்தானையை வாயிலிருந்து எடுக்காமல். தண்ணீர் டாங்கி திருப்பத்தில் அண்ணன் நின்று திரும்பிப் பார்த்தார். அக்கா பத்தடி தூரத்துக்கு வந்து சேரும் வரை காத்திருந்துவிட்டு மறுபடி நடந்தார்.